கல்நெய்யும் காரீயமும்

எண்ணெய் என்னும் சொல் எள்ளிலிருந்து பிறந்தது. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. பின்னர்த் தேங்காய், ஆமணக்கு, வேம்பு முதலியவற்றிலிருந்து பிழிந்த நெய்க்கெல்லாம் அதுவே பொதுப்பெயராகி, தேங்காயெண்ணெய் என்றும் வேப்பெண்ணெய் என்றும் அடைமொழி பெற்று நின்றது. மண்ணின் ஆழத்திலிருந்து எடுத்த எரிநெய் ஒன்று கப்பலேறி நம் கடைத்தெருவுக்கு வந்தபோது மக்கள் புலவரைத் தேடிச் செல்லவில்லை. மண்ணெண்ணெய் என்று தாமே பெயரிட்டு வழங்கினர். சீமையிலிருந்து வந்தமையால் சீமையெண்ணெய் என்றாரும் உளர். பெட்ரோலியம் என்னும் இலத்தீன் வழிச் சொல்லும் இப்பொருளதே. பெட்ரா என்பது பாறை; ஓலியம் என்பது எண்ணெய். கல்நெய் என்று தமிழாக்கினால் பொருள் சிதையாது.

எனினும் வேதியியல் நோக்கில் நல்லெண்ணெயும் கல்நெய்யும் ஓரினத்தன அல்ல. நல்லெண்ணெய் கொழுப்பமிலங்களும் கிளிசராலும் கூடிய சேர்மம். ஆக்சிஜன் அதன் மூலக்கூற்றில் நீங்காத உறுப்பு. கல்நெய்யோ பெரும்பகுதி கார்பன், ஹைட்ரஜன் என்னும் இரண்டே தனிமங்களால் ஆனது. ஆதலின் அதன் சேர்மங்களை ஹைட்ரோகார்பன்கள் என்கிறோம்.

இக்கட்டுரையில் கச்சா எண்ணெயின் இயைபைச் சுருங்கக் கூறி, அதிலிருந்து வடிக்கும் பெட்ரோலில் மனிதன் தானே கொண்டுவந்து கலந்த காரீயத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம். எரிபொருளால் விளையும் கேடுகளுள் நீக்கத்தக்கது எது, நீக்க இயலாதது எது என்னும் வினாவுக்கு அவ்வரலாற்றில் விடை தேடலாம் என்பது நம் கருத்து.

கச்சா எண்ணெயின் இயைபு

கல்நெய் டைனோசர்களின் உடலிலிருந்து உண்டாயிற்று என்னும் கதை மாணவரிடையே இன்னும் உலவுகிறது. உண்மையில் அது கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் எச்சம். அவை இறந்து கடலடிச் சேற்றில் படிந்து, மேன்மேலும் மண் மூட, ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் ஏறத்தாழ 60 முதல் 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல்லாயிரம் நூற்றாண்டுகள் வெந்து எண்ணெயாயின. இதற்குச் சான்று எண்ணெயிலேயே உள்ளது. ஜெர்மானிய வேதியியலார் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் 1930களில் கச்சா எண்ணெயில் போர்ஃபிரின் என்னும் சேர்மங்களைக் கண்டறிந்தார். இலைக்குப் பசுமை தரும் பச்சையத்தின் எலும்புக்கூடு என்று அவற்றைக் கூறலாம்; பச்சையத்தில் மக்னீசியம் அமர்ந்திருந்த இடத்தில் வனேடியமோ நிக்கலோ குடியேறியிருக்கும். ஆகவே நாம் எரிப்பது பழங்காலத்து வெயிலை என்பது வெறும் கவிக்கூற்றன்று.

எடையளவில் கச்சா எண்ணெயில் கார்பன் 83 முதல் 87 விழுக்காடு. ஹைட்ரஜன் 10 முதல் 14 விழுக்காடு. எஞ்சிய சிறுபகுதியில் கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன், உலோகங்கள் ஆகியவை அடங்கும். கந்தகம் சில வயல்களின் எண்ணெயில் இல்லையெனத் தக்க அளவிலும், சிலவற்றில் 5 விழுக்காட்டுக்கு மேலும் காணப்படும். கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் முறையே ஹைட்ரோகார்பன்களின் குலப் பிரிவு. நேராகவோ கிளைத்தோ தொடர்வன ஆல்கேன்கள். வளையமாக மூடிக்கொள்வன வளைய ஆல்கேன்கள். ஆறு கார்பன் வளையத்தில் எலக்ட்ரான்கள் பொதுவுடைமையாக உலவுவன அரோமேட்டிக் சேர்மங்கள். இவற்றினும் பருத்துப் பல வளையங்கள் பிணைந்து கருநிறம் தருவன ஆஸ்பால்ட்டீன்கள்.

இத்துணை வகையும் கலந்த குழம்பு எதற்கும் நேரடியாகப் பயன்படாது. காய்ச்சி வடித்தே பிரிக்க வேண்டும். இவ்விடத்தில் அரபியரின் பங்கை நினைவுகூர்தல் தகும். 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ, தம் கிதாபுல் அஸ்ரார் என்னும் நூலில் கரிய நஃப்தைக் களிமண்ணோடு சேர்த்துக் காய்ச்சி வெண்ணிற நஃப்த், அதாவது நஃப்த் அப்யள், வடித்தெடுக்கும் முறையை விளக்கியுள்ளார். அது இன்றைய மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. வடிகலத்துக்கு அரபியில் வழங்கிய அல்-அன்பீக் என்னும் பெயரே ஐரோப்பிய மொழிகளில் அலெம்பிக் ஆயிற்று.  அல்-குஹ்ல் என்னும் சொல்லே ஆல்கஹால் எனத் திரிந்தது. அச்சொல் பின்னரும் நம் கட்டுரையில் வரும்.

இன்றைய சுத்திகரிப்பு ஆலையின் கோபுரம் அர்-ராஸீயின் வடிகலத்தின் பேருருவமே. ஏறத்தாழ 350 பாகைக்குச் சூடேற்றிய எண்ணெய் ஆவியாகிக் கோபுரத்தில் ஏறும்போது, பளுவானவை கீழ்த்தட்டுகளிலும் இலேசானவை மேல்தட்டுகளிலும் குளிர்ந்து நிற்கும். உச்சியில் சமையல் எரிவாயு, அதன் கீழ் ஐந்து முதல் பன்னிரண்டு கார்பன் வரையுள்ள பெட்ரோல் பகுதி, அடுத்து மண்ணெண்ணெய், பின் டீசல். அடியில் தங்குவது கரிய கசடு. அதிலிருந்து சாலைக்குத் தாரும் கப்பல்களுக்குக் கன எரியெண்ணெயும் கிடைக்கின்றன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகில் இரு கப்பல்கள் மோதியபோது சென்னைக் கடற்கரையில் ஒதுங்கியது இக்கன எண்ணெயே. பெட்ரோல் சிந்தினால் ஆவியாகி மறையும். இஃது ஆவியாகாது, கரையாது, கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொள்ளும். அதனை இளைஞர்கள் வாளியால் அள்ளிய காட்சியை நாடே கண்டது. எண்ணெயின் எப்பகுதி சிந்தியது என்பதை அறியாமல் அது விளைக்கும் கேட்டை அளவிட இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேண்டா.

ஒரே வாய்பாடு, இருவேறு குணம்

எட்டுக் கார்பன் அணுக்களும் பதினெட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஆல்கேனுக்கு ஆக்டேன் என்று பெயர். இவ்வாய்பாட்டிற்குப் பதினெட்டு வகையான கட்டமைப்புகள் உண்டு. எழுத்துகள் அவையே, புணர்ச்சி வேறு. எட்டுக் கார்பன்களும் ஒரே வரிசையில் நின்றால் அது நேர்த்தொடர் ஆக்டேன். ஐந்து கார்பன் தொடரில் மூன்று கார்பன்கள் கிளையாக ஒட்டினால் பெட்ரோல் நிலையங்களில் பேசப்படும் ஐசோஆக்டேன்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருள் ஆவியும் கலந்து உருளைக்குள் நசுக்கப்படும். பின்னர்த் தீப்பொறி பற்றவைக்கும். தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். நேர்த்தொடர்ச் சேர்மங்களில் தொடரின் நடுவிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களை ஆக்சிஜன் எளிதில் பறித்துவிடும். எனவே தீ வந்து சேருமுன்னரே, அழுத்தத்தின் வெப்பத்தால் மறுமுனை தானே வெடிக்கும். உருளைச் சுவரில் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். ஆற்றல் வீணாகும், நாளடைவில் எஞ்சினும் பழுதாகும். இதனை நாக்கிங் அல்லது இடிப்பு என்பர். ஐசோஆக்டேனில் பெரும்பாலான ஹைட்ரஜன்கள் கிளை முனைகளிலுள்ள மெத்தில் தொகுதிகளில் இறுகப் பிணைந்திருப்பதால் அது பொறுத்திருந்து எரியும். டீசல் எஞ்சினில் நிலைமை நேர்மாறு. அங்குத் தானே பற்றுவதுதான் வேண்டும். ஆதலின் நேர்த்தொடர்களுக்கே மதிப்பு.

1926ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க வேதியியலார் கிரஹாம் எட்கர், ஐசோஆக்டேனுக்கு 100 என்றும் நேர்த்தொடர் ஹெப்டேனுக்குச் சுழி என்றும் மதிப்பளித்து ஆக்டேன் எண் என்னும் அளவுகோலை அமைத்தார். தூய ஹெப்டேன் கிடைத்த இடம் வியப்பானது. கலிபோர்னிய மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் என்னும் மரத்தின் பிசினை வடித்து அதனைப் பெற்றனர். அவ்வளவுகோலில் நேர்த்தொடர் ஆக்டேன் சுழியினும் கீழ் நிற்கிறது. ஆக்டேன் எண்ணுக்குப் பெயர் கொடுத்த சேர்மத்தின் உடன்பிறப்பே இடிப்பில் முதலிடம் பெறுவது வேதியியலின் வேடிக்கைகளுள் ஒன்று.

காரீயம் வந்த வழி

சுத்திகரிப்பு ஆலையில் நேராக வடித்த பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைவு. அதனை உயர்த்த இரு வழிகள் இருந்தன. மூலக்கூறுகளின் கட்டமைப்பை மாற்றுவது ஒன்று. அன்று அதற்கான வினையூக்கிகள் முதிரவில்லை. இடிப்பைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கலப்பது மற்றொன்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி பற்பல பொருள்களை முயன்று பார்த்து, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்னும் காரீயச் சேர்மம் மிகச் சிறிய அளவிலேயே இடிப்பை நிறுத்துவதைக் கண்டார். 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. விளம்பரங்களில் காரீயம் என்னும் சொல்லே இடம்பெறவில்லை. எத்தில் என்னும் இனிய பெயர் மட்டும் சூட்டப்பட்டது.

இங்குச் சொல் குறித்து ஓர் எச்சரிக்கை. தமிழில் ஈயம் என்பது இரு உலோகங்களுக்குப் பொது. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது தகரத்தின் மேல் பூசும் உலோகம். பெட்ரோலில் கலந்தது காரீயம், அது நஞ்சு. வெள்ளீயம் என்று விற்கும் சொம்பில் காரீயம் கலந்திருப்பின் புளிக்கரைசல் அதனைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். இவ்வேறுபாடு கருதியே இக்கட்டுரை முழுதும் காரீயம் என்று விதந்து வழங்குகிறோம்.

ஆல்கஹாலும் இடிப்பைத் தடுக்கும் என்பதனை மிட்ஜ்லியின் ஆய்வகம் நன்கறிந்திருந்தது. ஆனால் அதனைப் பெருமளவில் கலக்க வேண்டும். மேலும் கரும்புப் பாகிலிருந்தும் தானியத்திலிருந்தும் எவரும் வடித்துக்கொள்ளும் ஒரு பொருளால் காப்புரிமை வருவாய் ஈட்ட இயலாது. காரீயச் சேர்மத்தால் ஈட்டலாம். இவ்வரலாற்றில் வேதியியல் காரணத்தினும் இவ்வணிகக் காரணமே வலியது என்று நாம் கருதுகிறோம்.

காரீயம் நஞ்சு என்பது பண்டைய ரோமானியர் காலத்திலிருந்தே அறியப்பட்டது. டெட்ரா எத்தில் லெட் தோல் வழியாகவும் உடலுள் புகும், மூளையைத் தாக்கும். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் அதனைத் தயாரித்த தொழிலாளருள் ஐவர் சித்தம் கலங்கி இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர் முன் அத்திரவத்தில் கைகழுவி, அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். அவரே முந்தைய ஆண்டில் காரீய நஞ்சால் நலங்குன்றி ஓய்வெடுத்தவர் என்பது அச்செய்தியாளருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1925 மே 20 அன்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் ஒரு மாநாடு கூட்டினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரும் தொழில்சார் நோய்களில் வல்லுநருமான ஆலிஸ் ஹாமில்டன், காரீயத்தைத் தெருவெங்கும் தூவுவது பொதுமக்களுக்குத் தீங்கு என்று வாதாடினார். மாநாட்டின் விளைவாக அமைந்த குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்றும் ஆய்வு தொடர வேண்டும் என்றும் 1926இல் அறிவித்தது. ஆய்வு தொடர்ந்தது, ஆனால் நாற்பதாண்டுக் காலம் அது பெரும்பாலும் அத்தொழில் நிறுவனங்களின் நிதியிலேயே தொடர்ந்தது. தீங்கு என்று காட்டும் பொறுப்பு பாதிக்கப்படுவோர் தலையில் விழுந்தது.

எஞ்சினுக்குள் நிகழ்வது என்ன? டெட்ரா எத்தில் லெட் வெப்பத்தில் சிதைந்து காரீய ஆக்சைடு நுண்துகள்களாகி, வெடிப்பைத் தூண்டும் இடைநிலைத் தனியுறுப்புகளை விழுங்கிவிடும். ஆனால் அத்துகள்கள் உருளையில் படிந்தால் எஞ்சின் கெடும். அதனைத் தவிர்க்கப் புரோமினும் குளோரினும் அடங்கிய எத்திலீன் சேர்மங்களையும் உடன் கலந்தனர். காரீயம் எளிதில் ஆவியாகும் உப்பாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறிற்று. எஞ்சினைக் காப்பதற்காகக் காரீயத்தைத் தெருவுக்கு அனுப்பும் வேதியியல் திட்டமிட்டே அமைக்கப்பட்டது என்பதை மாணவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

பேட்டர்சன் எண்ணிய காரீயம்

இதனை வெளிப்படுத்தியவர் நஞ்சியல் அறிஞர் அல்லர். பூமியின் வயதை அளக்க முயன்றவர். யுரேனியம் சிதைந்து காரீயமாகும் வீதத்தைக் கொண்டு விண்கற்களின் வயதைக் கணித்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956இல் கட்டுரை வெளியிட்டார் கிளேர் பேட்டர்சன். அம்முயற்சியில் அவருக்கு இடையூறு செய்தது காரீயமே. எம்மாதிரியை அளந்தாலும் கணக்குக்கு மிஞ்சிய காரீயம் வந்தது. காற்றிலும், குழாய்நீரிலும், ஆய்வாளரின் தலைமயிரிலும் அது இருந்தது. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் தூசு புகாத ஆய்வகம் ஒன்றை அமைத்த பின்னரே உண்மை அளவு கிடைத்தது.

அவர் பின்னர்க் கடல்நீரை அளந்தார். இயற்கையாக வந்ததாயின் ஆழத்திலும் மேற்பரப்பிலும் காரீயம் இவ்வாறு மாறுபட வேண்டியதில்லை. மேற்பரப்பிலேயே மிகுதியாக இருந்தது. அண்மையில் வந்து விழுந்தது என்பது இதன் பொருள். முரோசுமி, சோ ஆகியோருடன் சேர்ந்து கிரீன்லாந்துப் பனியை அடுக்கடுக்காக அறுத்து அளந்தபோது, கீழடுக்குகளில் மிகக் குறைந்திருந்த காரீயம் தொழிற்புரட்சிக்குப் பின் ஏறி, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் செங்குத்தாக உயர்ந்தமை 1969இல் வெளியாயிற்று. 1965இல் அவர் எழுதிய கட்டுரை, இக்கால மனிதன் உடலிலுள்ள காரீயம் வழக்கமானதாக இருக்கலாம், இயல்பானதன்று என்னும் வேறுபாட்டை நிறுவியது. அதன்பின் எண்ணெய்த் தொழில்துறையிலிருந்து அவருக்கு வந்த ஆய்வு நிதி நின்றது.

அவரை எதிர்த்தவர் ராபர்ட் கெஹோ. உடலில் காரீயம் இருப்பது இயற்கை. ஓர் எல்லையைத் தாண்டினாலன்றித் தீங்கில்லை என்பது அவர் கொள்கை. தொழிற்சாலை வாடையே படாத மெக்சிகோ நாட்டுச் சிற்றூர் மக்களின் உடலிலும் காரீயம் உள்ளது என்று அவர் சான்று காட்டினார். அம்மக்கள் காரீயப் பளபளப்புப் பூசிய மட்பாண்டங்களில் உண்டவர்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த குழு தானே நஞ்சுண்ட குழுவாயின் ஆய்வு எவ்வளவு துல்லியமாயினும் பயனில்லை.

காரீயம் உடலைக் கெடுக்கும் முறை நுட்பமானது. அது கால்சியத்தின் வேடம் பூணுகிறது. கால்சியத்துக்கெனத் திறக்கும் வாயில்கள் அதற்கும் திறக்கின்றன. குருதியில் ஒரு திங்களளவே தங்கும்; எலும்பில் புகுந்தால் பல்லாண்டுகள் உறையும். தாய் கருவுறும்போது குழந்தையின் எலும்புக்காகத் தாயெலும்பு கரைய, பழங்காரீயமும் கரைந்து கருவைச் சேரும். ஹெர்பர்ட் நீடில்மன் பள்ளிச் சிறாரின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அவற்றின் காரீயத்தை அளந்தார். காரீயம் மிகுந்த பற்களுக்குரிய சிறார் அறிவுத்தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். வகுப்பில் கவனம் சிதறுவோர் என ஆசிரியர்களும் அவர்களையே குறித்திருந்தனர். 1979இல் வெளியான இவ்வாய்வுக்குப் பிறகு, நோய்க்குறி தோன்றாவிடில் தீங்கில்லை என்னும் வாதம் தளர்ந்தது.

ஆயினும் அமெரிக்காவில் காரீயத்தை முதலில் வெளியேற்றியது இவ்விரக்கம் மட்டுமன்று. 1975 முதல் கார்களில் பொருத்திய வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம் உண்டு; காரீயம் படிந்தால் அது செயலிழக்கும். எனவே காரீயமற்ற பெட்ரோல் இன்றியமையாததாயிற்று. குழந்தையின் நரம்பினும் பிளாட்டினத்தின் மேற்பரப்பு விரைவில் வழக்கை வென்றது என்று சொல்லத் தோன்றுகிறது. எக்காரணத்தால் நீங்கினும் பயன் ஒன்றே. அமெரிக்க மக்களின் சராசரிக் குருதிக் காரீயம், 1976-80இல் டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமாக இருந்தது, 1988-91இல் 2.8 ஆகக் குறைந்தது.

இந்தியாவில் 1994க்கு முன் ஒரு லிட்டர் பெட்ரோலில் 0.56 கிராம் வரை காரீயம் இருந்தது. ஐந்து லிட்டர் நிரப்பிய ஸ்கூட்டர், அத்தொட்டி தீர்வதற்குள் ஏறத்தாழ இரண்டு கிராம் காரீயத்தைத் தெருவில் விட்டுச் சென்றது என்று கணக்கிடலாம். அதுவும் குழந்தையின் மூக்குயரத்தில். 1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுதும் காரீயப் பெட்ரோல் நின்றது. ஆனால் காரீயம் ஒரு தனிமம்; எரியாது, அழுகாது, சிதையாது. 2005-06இல் சென்னையில் 3 முதல் 7 வயதுவரையுள்ள சிறார் எழுநூற்றுவருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, சராசரிக் குருதிக் காரீயம் டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. வண்ணப்பூச்சும் பழைய பாட்டரி உருக்கும் தொழிலும் இதில் பங்குடையன எனினும், தெருமண்ணில் தங்கிய பழைய பெட்ரோல் காரீயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் கார்களுக்குக் காரீயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியது. சிறு பிஸ்டன் விமானங்களின் எரிபொருளில் அஃது இன்னும் உள்ளது.

சாம்பிராணியின் வழித்தோன்றல்

காரீயத்தை எடுத்தபின் ஆக்டேன் எண்ணை எவ்வாறு காப்பது? பிளாட்டின வினையூக்கியின் மேல் நாஃப்தாவைச் செலுத்தி நேர்த்தொடர்களையும் வளையங்களையும் அரோமேட்டிக் சேர்மங்களாக மாற்றும் மறுசீரமைப்பு முறை 1949 முதல் ஆலைகளில் இருந்தது. அதனால் ஆக்டேன் எண் உயரும். கூடவே பென்சீனும் உயரும். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது. ஒரு நஞ்சை வெளியேற்றி மற்றொன்றை அழைத்து வரும் இடர் இதில் இருந்தது.

பென்சீன் என்னும் பெயரின் பிறப்பு நமக்கு அணுக்கமானது. நம் இல்லங்களிலும் தர்காக்களிலும் புகைக்கும் சாம்பிராணியை அரபு வணிகர் லுபான் ஜாவி, அதாவது ஜாவகத்துக் குங்கிலியம், என்றனர். அது ஐரோப்பியர் நாவில் முதலெழுத்துகள் உதிர்ந்து பென்சாயின் ஆயிற்று. அதிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம். அவ்வமிலத்தைச் சுண்ணாம்புடன் சூடேற்றி 1833இல் மிட்ஷர்லிக் பெற்ற திரவமே பென்சீனாயிற்று. ஃபாரடே 1825லேயே விளக்கு வாயுவின் எண்ணெய்ப் படிவிலிருந்து அதனைப் பிரித்திருந்தார் எனினும், நிலைத்தது சாம்பிராணி வழிப் பெயரே. இன்று இந்தியப் பெட்ரோலில் பென்சீன் கனவளவில் 1 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது.

கந்தகத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகப் பிரிந்துவிடும். அதிலிருந்து மஞ்சள் கந்தகத்தை மீட்கலாம். 1995 அளவில் இந்திய டீசலில் 1 விழுக்காடு வரை அனுமதிக்கப்பட்ட கந்தகம், 2020 ஏப்ரல் முதல் பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது.

ஆல்கஹாலும் திரும்பி வந்துள்ளது. 1921இல் புறந்தள்ளப்பட்ட அதே எத்தனால், இந்தியப் பெட்ரோலில் 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காடு கலப்பை எட்டியது. கரும்புக்கும் நெல்லுக்கும் வேண்டும் நீரைக் கணக்கில் சேர்த்தால் அதன் நன்மை எத்துணை என்பது தனியே ஆராயத்தக்கது.

பிரிக்க இயலாதது

பேட்டர்சன் காரீயத்தை எண்ணிய அதே கழகத்தில், ஹாரிசன் பிரவுன் என்னும் அதே பேராசிரியரின் குழுவில், 1950களின் நடுவில் மற்றோர் இளைஞர் இருந்தார். அவர் சார்லஸ் டேவிட் கீலிங். அவர் எண்ணியது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அவர் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் இது 280 என்று பனியடுக்குக் குமிழிகள் காட்டுகின்றன. 2024இன் ஆண்டுச் சராசரி 420ஐக் கடந்துவிட்டது. இவ்வாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் என்பதையும் எவ்வளவு வெப்பம் கூடும் என்பதையும் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1896லேயே கணக்கிட்டிருந்தார்.

இது கல்நெய்யிலிருந்து வந்ததா என்பதற்கும் தனிமமே சாட்சி. உயிருள்ள மரத்தில் கதிரியக்கக் கார்பன்-14 சிறிதளவு உண்டு. பல கோடி ஆண்டு புதைந்த எண்ணெயில் அது முற்றிலும் சிதைந்து போயிருக்கும். காற்றின் கார்பனில் அதன் பங்கு குறைந்து வருவதை 1950களில் ஹான்ஸ் சூஸ் மரவளையங்களில் கண்டார். பழைய கார்பன் புதிய காற்றில் கலக்கிறது என்பதற்கு இது கையொப்பம்.

காரீயம் எரிபொருளில் நாம் சேர்த்த பொருள். எடுத்தாலும் பெட்ரோல் பெட்ரோலாகவே நின்றது. கந்தகம் உடன் வந்த பொருள், வடித்தெறியலாம். பென்சீன் பல சேர்மங்களுள் ஒன்று; குறைக்கலாம். கார்பனோ எரிபொருளின் உடலே. ஐசோஆக்டேனின் மூலக்கூற்று எடை 114. அஃது எரியும்போது எட்டுக் கார்பன் அணுக்களும் ஒவ்வொன்றும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பற்றிக்கொள்ள, வெளிவரும் கார்பன் டைஆக்சைடின் எடை 352 ஆகிறது. முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 2.3 கிலோ வாயுவாவது இதனால்தான். எஞ்சின் எவ்வளவு செம்மையாக எரிக்கிறதோ அவ்வளவு நிறைவாக இவ்வாயு பிறக்கிறது. கரும்புகைக்குச் செய்த மருத்துவம் இதற்குப் பலிக்காது. வெளிவிட்டதில் சற்றொப்பப் பாதி காற்றில் தங்க, ஏனையதைக் கடலும் தாவரங்களும் ஏற்கின்றன.

பெரிய ஆலைகளின் புகைபோக்கியில் இவ்வாயுவைப் பிடித்து நிலத்தடியில் செலுத்தும் முறைகள் உள்ளன. ஊர்திக்கு அது பொருந்தாமைக்கும் இக்கணக்கே காரணம். தொட்டியில் 40 லிட்டர் நிரப்பினால் அதன் எடை ஏறத்தாழ 30 கிலோ. அக்கார் தன் புகையிலுள்ள கார்பன் டைஆக்சைடைத் தானே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாயின், தொட்டி காலியாகும் வேளையில் 90 கிலோவுக்கு மேற்பட்ட வாயுவைச் சுமந்துகொண்டு நிற்கும்.